செவிக்குத் தமிழ் உண்டு, கண்ணுக்கு உண்டா?

சென்ற சில திங்களாக நம் இதழுக்கு வரும் கடிதங்களில் ஒரு வேண்டுகோள் திரும்பத் திரும்ப இடம்பெற்று வருகிறது. "எங்கள் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், பிறர் பேசினால் விளங்கிக்கொள்கிறார்கள். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியவில்லை. இதழில் சில பக்கங்களையாவது ஆங்கில எழுத்தில் தமிழாக அச்சிட்டால் அவர்களும் படிப்பார்கள் அல்லவா? கைப்பேசியில் நாம் எல்லோரும் அப்படித்தானே எழுதிக்கொள்கிறோம்?" என்பது அவ்வேண்டுகோளின் சாரம். இதை எழுதுகிறவர்கள் தமிழில் பற்றில்லாதவர்கள் அல்லர். பற்றில்லாதவர்களாயின் சந்தா செலுத்தி இதழை வாங்கி, தம் பிள்ளைகள் அதைப் படிக்கவில்லையே என்று வருந்தவும் மாட்டார்கள். ஆகவே இவ்வேண்டுகோளுக்கு ஆழ்ந்து சிந்தித்து விடை கூறுவது நம் கடமை. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது இதழின் பக்கங்களைப் பற்றிய கேள்வி. உண்மையில், கைப்பேசி என்னும் கருவி நம் வீடுகளில் தமிழை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதைப் பற்றிய கேள்வியே இது.

கைப்பேசிக்கு நாம் பட்டிருக்கும் கடனை முதலில் ஒப்புக்கொள்வதே நேர்மை. சொந்த ஊரை விட்டு ஆயிரம் கல், ஆயிரத்தைந்நூறு கல் தொலைவு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் செய்த கருவி வேறொன்று உண்டா என்பது ஐயமே. தந்திச் சேவகர் வாயிலில் நின்றால், உறையைப் பிரிக்குமுன்னரே வீட்டில் அழுகுரல் எழுந்த காலத்தை நம் மூத்தோர் அறிவார்கள். ஊருக்கு டிரங்கு கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருந்து, இணைப்புக் கிடைத்தவுடன் "சௌக்கியமா? சௌக்கியமா?" என்று இரு முனையிலும் கத்திவிட்டு வைத்த காலமும் உண்டு. நம் நாட்டில் முதல் கைப்பேசி அழைப்பு 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து டில்லிக்குச் சென்றது. பேசியவர் அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு. அடுத்து வந்த சில ஆண்டுகளில் அழைப்பவருக்கு மட்டுமன்றி அழைப்பை ஏற்பவருக்கும் கட்டணம் உண்டு என்பதால், மணி அடித்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். 2003இல் அழைப்பை ஏற்பதற்கான கட்டணம் நீங்கியது. 2013ஆம் ஆண்டு ஜூலையில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது. அதை நாடி வருவோர் அருகிவிட்டனர்.

இன்றோ, டில்லிக் கரோல் பாக்கிலும் மும்பை மாதுங்காவிலும் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் வாழும் நம் குழந்தை, திருநெல்வேலிக் கிராமத்துத் தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகத்தை நாள்தோறும் பார்க்கிறது. பாட்டி சொல்லும் கதையைக் கேட்கிறது. தானும் மழலைத் தமிழில் மறுமொழி சொல்கிறது. வத்தக்குழம்புக்குப் புளி எத்தனை என்பதை அடுப்படியில் நின்றபடியே தாயிடம் கேட்டறிகிறாள் மகள். இவை சிறிய நன்மைகள் அல்ல. கைப்பேசியை வைது எழுதுவது எளிது. ஆனால் அக்கருவி வந்திராவிடில் நம் பிள்ளைகள் பலருக்குப் பேச்சுத் தமிழ்கூட இந்த அளவு நிலைத்திராது என்பதே நம் கருத்து.

ஆயினும் அதே கருவி மற்றொரு காரியத்தையும் ஓசையின்றிச் செய்து முடித்துவிட்டது. தமிழ் எழுத்தை நம் வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டது.

பழைய நாளில் ஊருக்கும் நமக்கும் இருந்த ஒரே பாலம் இன்லண்டு கடிதம். வாரம் ஒருமுறையேனும் எழுதியாக வேண்டும். அப்பா எழுதி முடித்ததும் அம்மா ஓரத்தில் நான்கு வரி எழுதுவாள். மடிக்கும் பகுதியில் மிஞ்சிய இடத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, "தாத்தாவுக்கு நமஸ்காரம், நான் நன்றாகப் படிக்கிறேன்" என்று எழுதச் சொல்வார்கள். பிள்ளை முகம் சுளித்துக்கொண்டுதான் எழுதும், ஆனாலும் எழுதும். பதில் வந்தால், தன் பெயர் எங்கேனும் இருக்கிறதா என்று தேடும் ஆவலில் எழுத்துக்கூட்டிப் படிக்கும். பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பில்லாத ஊர்களில் எத்தனையோ பேருக்கு அந்த நீலத்தாள்தான் தமிழ்ப் பள்ளிக்கூடமாக இருந்தது. அதை யாரும் பள்ளிக்கூடம் என்று கருதவில்லை. ஆகவே அது மூடப்பட்டபோது அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

கடிதம் போன இடத்தில் இன்று மூன்று பொருள்கள் வந்து அமர்ந்துள்ளன. ஒன்று, குரல் பதிவு. மற்றொன்று, யாரோ எங்கோ செய்து அனுப்பிய வாழ்த்துப் படம். மூன்றாவது, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். முதலிரண்டிலும் எழுதுவது என்னும் செயலே இல்லை. மூன்றாவதில் எழுதுவது உண்டு. தமிழ் எழுத்து இல்லை. நம் வேண்டுகோளாளர்கள் கேட்பதும் இந்த மூன்றாவதைத்தான். ஆகவே அதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

பி, ஏ, எல் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை ஒருவர் தட்டுகிறார். அது பல்லா, பாலா, பாழா? கே, ஏ, எல் என்று எழுதினால் கல், கால், கள் என்னும் மூன்றும் அதற்குள் அடங்கும். தலையும் தழையும் தளையும் ஒன்றாகிவிடும். மரமும் மறமும், பனியும் பணியும், அரையும் அறையும் வேற்றுமையின்றிக் கலந்துவிடும். ஊரிலிருந்து பயணம் புறப்பட்ட பாட்டி ஆங்கில எழுத்தில் ஒரு செய்தி அனுப்புகிறாள் என்று கொள்வோம். அவள் எழுதியது "வலி தெரியவில்லை" என்பதா, "வழி தெரியவில்லை" என்பதா? முழங்கால் நோவு தணிந்தது என்று மகிழ்வதா, எந்த நிலையத்தில் திகைத்து நிற்கிறாளோ என்று பதறுவதா? லகர, ளகர, ழகரம் மூன்றையும், ரகர, றகரம் இரண்டையும், நகர, னகர, ணகரம் மூன்றையும், குறில் நெடில் வேறுபாட்டையும் ஐந்து உயிரெழுத்துகளே உடைய ஓர் அரிச்சுவடியில் திணிக்கும்போது இக்குழப்பம் நேர்ந்தே தீரும். ழகரத்துக்குச் சிலர் இசட்டையும் எச்சையும் சேர்த்து இடுகிறார்கள். சிலர் எல்லோடு நின்றுவிடுகிறார்கள். நெடிலுக்குச் சிலர் எழுத்தை இரட்டிக்கிறார்கள், பலர் இரட்டிப்பதில்லை. இதற்கு ஒப்புக்கொண்ட விதி ஒன்றும் இல்லை.

"ஆயினும் எங்களுக்குப் பொருள் விளங்கத்தானே செய்கிறது?" என்று அன்பர்கள் கேட்கலாம். விளங்குகிறது, மறுக்கவில்லை. ஏன் விளங்குகிறது? அச்சொல்லை நாம் முன்னரே அறிந்திருப்பதால். பாலைக் குடித்தும் பல்லைத் துலக்கியும் பழகிய நமக்கு, இடத்தைக் கொண்டு எது எது என்று தெரிகிறது. அதாவது, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ், தமிழ் தெரிந்தவருக்கு அதை நினைவூட்டும் குறிப்பு மட்டுமே. தெரியாத ஒரு சொல்லை அது எவருக்கும் கற்பிக்காது. ஏ, ஆர், ஏ, எம் என்று ஒரு பிள்ளை படித்துவிட்டு அதன் பொருளைத் தேடப் புகுந்தால், அகராதியில் எந்தப் பக்கத்தைப் புரட்டும்? இரும்பை அராவும் அரமா, மனிதன் போற்றும் அறமா? சமையலறைச் சொற்களையும் நலம் விசாரிக்கும் சொற்களையும் தாண்டி அப்பிள்ளை ஓர் அடியும் எடுத்துவைக்க இயலாது. வீட்டில் புழங்கும் முந்நூறு நானூறு சொற்களே அதன் தமிழ் என்று முடிந்துவிடும். ஆங்கில எழுத்தில் இதழை அச்சிட்டால் பிள்ளைகள் தமிழைப் படிப்பார்கள் என்னும் எண்ணத்தின் குறை இதுவே. தமக்கு முன்பே தெரிந்த சொற்களை மட்டும் அவர்கள் அடையாளம் காண்பார்கள். தெரியாத சொல் அவர்களுக்குத் தெரியாததாகவே இருந்துவிடும்.

இதில் வரலாற்று விநோதம் ஒன்றும் உண்டு. தமிழை ஆங்கில நெடுங்கணக்கின் தாயாகிய ரோமானிய எழுத்தில் அச்சிடும் முயற்சி புதிதன்று. 1554ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் தமிழ் மொழியில் ஒரு சமய நூல் அச்சாயிற்று. 'கார்த்தில்யா' எனப்படும் அந்நூலில் இருந்த தமிழ் முழுவதும் ரோமானிய எழுத்திலேயே இருந்தது. தமிழ் அச்செழுத்து அந்நாளில் வார்க்கப்பட்டிருக்கவில்லை. ஆனால் முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார், 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் என்னும் சிறப்பு அதற்கு உண்டு. கடல் கடந்து வந்த அயலார், ரோமானிய எழுத்திலிருந்து தமிழ் எழுத்துக்கு வர எடுத்துக்கொண்ட காலம் 24 ஆண்டுகள். அன்று அச்செழுத்தை வார்ப்பதற்கே படாத பாடு பட வேண்டியிருந்தது. எழுத்துகள் யாவும் விரல் நுனியில் வந்து நிற்கும் இந்நாளில் நாம் கொல்லத்திலிருந்து லிஸ்பனுக்குத் திரும்பிச் செல்வதா?

மொழிகள் எழுத்தை மாற்றிக்கொண்டதில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. மாற்றிக்கொண்டது உண்மை. துருக்கி 1928இல் அரபு எழுத்தை விட்டு ரோமானிய எழுத்தை ஏற்றது. மலாய் மொழியும் அரபு வழிவந்த யாவி எழுத்திலிருந்து ரோமானிய எழுத்துக்கு மாறியது. ஆனால் அங்கெல்லாம் ஒவ்வோர் ஒலிக்கும் இன்ன எழுத்து என்று வகுத்து, பள்ளியிலும் செய்தித்தாளிலும் நூலிலும் அதையே வழங்கினார்கள். அது ஒரு நாடு முடிவு செய்து மேற்கொண்ட மாற்றம். நம்முடையதோ, கைப்பேசியை வாங்கியபோது அதில் எந்த விசைப்பலகை இருந்ததோ அதிலேயே தட்டிக்கொண்டு போன பழக்கம். நம் முடிவு என்று அதில் ஒன்றும் இல்லை.

எழுத்து பிரிந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. கொங்கணி மொழியைத் தேவநாகரி, ரோமானியம், கன்னடம், மலையாளம் என்று பல எழுத்துகளில் எழுதுகிறார்கள். ஒரே மொழியினர், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாமல் நிற்கும் நிலை அதனால் உண்டாயிற்று. இன்னும் அருகில் வருவோம். சௌராஷ்டிர மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் குடிபெயர்ந்து வந்து மதுரையிலும் வேறு ஊர்களிலும் தழைத்தவர்கள். நாம் தமிழகத்தை விட்டு வந்தவர்கள். அவர்கள் தமிழகத்துக்கு வந்தவர்கள். தம் மொழியை இன்றளவும் வீட்டில் பேசிக் காத்துவரும் அவர்களுடைய உறுதி நாம் வணங்கத்தக்கது. அம்மொழிக்குச் சொந்த எழுத்தும் உண்டு. 2008இல் கணினிக்கான ஒருங்குறியில் அவ்வெழுத்துக்கு இடமும் கிடைத்தது. ஆனால் அதைப் படிக்கவும் எழுதவும் அறிந்தோர் சிலரே. அவ்வெழுத்தை மீண்டும் பரப்ப அச்சமூகத்தின் பெரியோர் அரும்பாடு பட்டு வருகிறார்கள். பேச்சு நிலைத்தாலும் எழுத்து நழுவக்கூடும் என்பதும், நழுவியதை மீட்பது எத்தனை கடினம் என்பதும் இதனால் நமக்கு விளங்கும்.

எழுத்தை இழப்பதால் உண்மையில் நட்டம் என்ன? பெருமை, பழமை என்றெல்லாம் பேசாமல், அன்றாட வாழ்விலிருந்தே சில சொல்வோம். ஊரில் பாட்டனார் விட்டுச்சென்ற காணியின் பத்திரம் தமிழில் இருக்கிறது. பட்டாவும் தமிழில் இருக்கிறது. நாளை அதைக் கையில் வாங்கும் மகன், அதில் எழுதியிருப்பது இன்னதென்று அறிய அயலார் ஒருவரை அண்டி நிற்க வேண்டும். நிலத்தகராறுகளில் சில, படிக்கத் தெரியாமல் இட்ட கையெழுத்தில் தொடங்குவன என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊருக்குச் சென்றால் பேருந்தின் பலகையைப் படிக்க இயலாமல், பட்டம் பெற்ற பிள்ளை "இது எங்கே போகும்?" என்று கேட்டு நிற்கும். அலமாரியின் அடியில் துணியில் சுற்றி வைத்துள்ள தாத்தாவின் கடிதங்கள் அதற்கு வெறும் காகிதங்கள். அக்கடிதங்களில் லை, னை, ணா, றா போன்ற 13 எழுத்துகள் 1978இல் தமிழக அரசு செய்த சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவில் இருக்கும். தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அவற்றை ஒரு மாலைப் பொழுதில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தமிழ் எழுத்தே அறியாத பிள்ளைக்கு எந்த வடிவமும் ஒன்றுதான்.

குரல் பதிவு இருக்கிறதே என்றால், அதன் அருமையை நாமும் அறிவோம். மறைந்துபோன தாயின் குரலைக் கேட்டுக் கண்ணீர் விடுவோர்க்கு அதன் விலை தெரியும். ஆயினும், வேண்டிய வரியைக் கண்ணோட்டத்தில் தேடி எடுக்கும் வசதி குரலில் இல்லை. கைப்பேசி பழுதானாலோ மாற்றப்பட்டாலோ பதிவுகள் பெரும்பாலும் அதனோடு போய்விடுகின்றன. அன்றியும், எவ்வளவு கேட்டாலும் செவி எழுத்தைக் கற்பதில்லை.

இனி, "தமிழில் தட்டுவது கடினம், நேரம் பிடிக்கும்" என்னும் தடையைப் பார்ப்போம். இருபது ஆண்டுகளுக்கு முன் இதில் நியாயம் இருந்தது. இன்று இல்லை. தமிழை இயந்திரத்துக்குள் கொண்டுவந்த பணியில் நம்மைப்போல் இடம்பெயர்ந்த தமிழருக்குப் பெரும்பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்று வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு அஞ்சல்' என்னும் கணினி மென்பொருளையும், 2005இல் கைப்பேசிக்குச் 'செல்லினம்' என்பதையும் வழங்கினார். 1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் 'தமிழ்99' விசைப்பலகை முறை வகுக்கப்பட்டது. இன்று கடையில் வாங்கும் திறன்பேசிகளில் தமிழ் விசைப்பலகை பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. அமைப்புப் பகுதியில் மொழி என்னும் இடத்துக்குச் சென்று தமிழைச் சேர்த்துக்கொள்வது ஒன்றே நாம் செய்ய வேண்டியது. அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

முறைகள் இரண்டு. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தருவது ஒன்று. ஆங்கிலத்தில் தட்டிப் பழகிய பெரியவர்களுக்கு இது உடனே கைவரும். எழுத்தே எழுதாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் பிள்ளைகளுக்கு நாம் பரிந்துரைப்பது மற்றொன்று: தமிழ் எழுத்துகளே விசைகளில் தெரியும் முறை. தமிழ்99 முறையில் இடப்பக்கம் உயிரெழுத்துகள், வலப்பக்கம் மெய்யெழுத்துகள். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் கி பிறக்கிறது. ககரத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே வந்து விழுகிறது. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகின்றன என்று இலக்கண ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைப் பிள்ளை தன் விரலால் செய்து பார்க்கிறது. 247 எழுத்து என்றதும் மலைத்துவிடும் பிள்ளைக்கு, அவை யாவும் முப்பத்தொரு விசைகளிலிருந்து பிறக்கின்றன என்பதைக் காட்டினால் மலைப்பு நீங்கும்.

கண் மங்கி விரல் நடுங்கும் முதியோருக்கும் வழி உண்டு. 2017 முதல் கைப்பேசிகளில் தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வசதி வந்துள்ளது. பாட்டி குரல் பதிவு அனுப்பப் பேசும் அதே பேச்சை இவ்வசதியைக் கொண்டு பேசினால், அது எழுத்தாகிப் பேரனிடம் சேரும். முழுமையாகச் சரியாக இருக்காது, வட்டாரப் பேச்சில் அது தடுமாறும், ஒற்றை விடும், ளகரத்தை லகரமாக்கும். இருக்கட்டும். "பாட்டி இப்படியா சொல்லியிருப்பாள்?" என்று பேரனும் தாயும் கூடிச் சிரித்துக்கொண்டே பிழையைத் திருத்துவார்களாயின், அதைவிட நல்ல தமிழ்ப் பாடம் வேறு எது? எழுத்தை வெளியேற்றிய வசதியே எழுத்தை உள்ளே அழைத்து வருவதற்கும் பயன்படும். பயன்படுத்துவது நம் கையில் இருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடமே சுமை. ஆங்கிலம், இந்தி, அத்துடன் மராத்தியோ வங்காளமோ குஜராத்தியோ. இதில் இன்னோர் எழுத்தா என்று தாய்மார் இரங்குவது இயல்பே. ஆனால் அச்சுமையே நமக்குத் துணை என்பதையும் எண்ண வேண்டும். தேவநாகரியும் வங்காள எழுத்தும் குஜராத்தி எழுத்தும் தமிழைப் போலவே பிராமியின் வழிவந்தவை. மெய்யோடு உயிர்க்குறி சேர்ந்து எழுத்து உருவாகும் நெறி எல்லாவற்றுக்கும் பொது. அந்நெறியை அறிந்த பிள்ளைக்குத் தமிழ் புதிய வடிவங்களே ஒழியப் புதிய கணக்கு அன்று. க வரிசையில் இந்திக்கு நான்கு எழுத்துகள், தமிழுக்கு ஒன்றே. கூடுதலாகப் பழக வேண்டியவை எகர ஒகரக் குறில்களும், ழ, ற, ன போன்ற சிலவும், உகர ஊகார வரிசைகளின் மாறுபட்ட வடிவங்களுமே. நாள்தோறும் கால்மணி நேரம் ஒதுக்கினால் ஒரு கோடை விடுமுறைக்குள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலை வந்துவிடும் என்பது நம் நம்பிக்கை.

டில்லியில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் போன்றவை தமிழ் கற்பிக்கின்றன. அவை எட்டாத ஊர்களில் உள்ளோர்க்கு, 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் மழலையர் நிலை முதலே பாடங்களை இணையத்தில் வழங்குகிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை யாவரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைத்துள்ளது. நம் முன்னோருக்குப் பெரிய நூலகத்திலும் எளிதில் கிட்டாத நூல்கள் நம் பிள்ளைகளின் சட்டைப்பையில் இருக்கின்றன. படிக்கத் தெரியாத பிள்ளைக்கு மட்டும் அப்பெட்டி பூட்டியே கிடக்கும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை சில கூறுகிறோம். கைப்பேசியில் அம்மா, பாட்டி, மாமா ஆகியோரின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் பதிந்துகொள்ளுங்கள். அழைப்பு வரும்போதெல்லாம் பிள்ளை அவ்வெழுத்தைப் பார்க்கும். கடைக்கு அனுப்பும் சாமான் பட்டியலைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். துவரம்பருப்பு என்பதைப் படிக்காமல் துவரம்பருப்பு வாங்கி வர இயலாது அல்லவா! குடும்பத்தார் கூடியுள்ள வாட்ஸ்அப் குழுவில் வாரத்தில் ஒரு நாளேனும் தமிழ் எழுத்தன்றி வேறெழுத்து இல்லை என்று விதி செய்துகொள்ளுங்கள். பிள்ளை பிழையாக எழுதினால் ஏளனம் செய்யாதீர்கள். சரியாக எழுதிப் பதில் அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தந்தையும் தாயும் தாம் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டு, பிள்ளையை மட்டும் தமிழில் எழுதச் சொல்வது பலிக்காது. வீட்டில் முதலில் மாற வேண்டியது பெரியவர்களின் விரல்.

இனி, வேண்டுகோளுக்கு நம் விடை. இதழின் எந்தப் பக்கத்தையும் ஆங்கில எழுத்தில் தமிழாக அச்சிடுவதற்கில்லை. அப்படி அச்சிட்டால் இன்று சில வாசகர்கள் கூடுவர். இருபது ஆண்டு கழித்து மற்றப் பக்கங்களைப் படிக்க ஆளில்லாமல் போகும். ஆனால் வேண்டியவர்களை வெறுங்கையோடு திருப்பவும் நமக்கு மனமில்லை. அடுத்த இதழ் முதல் சிறுவர்க்கென ஒரு பக்கத்தைப் பெரிய எழுத்தில், சிறிய வாக்கியங்களில், அருஞ்சொற்களுக்குப் பொருளுடன் வெளியிடுவோம். அப்பக்கத்தை ஒருவர் நிதானமாகப் படித்த ஒலிப்பதிவும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வரும். பிள்ளை பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காதால் கேட்டபடியே கண்ணால் எழுத்தைத் தொடரட்டும். செவிக்குப் பழகிய தமிழைக் கொண்டே கண்ணுக்குத் தமிழை அறிமுகம் செய்யலாம்.

அன்பர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் பிள்ளைகள் தம் ஊர்ப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ தமிழ் எழுத்தில் எழுதிய நான்கு வரிகளை, கையால் எழுதியதாயினும் கைப்பேசியில் தட்டியதாயினும், எமக்கு ஒரு படி அனுப்பிவையுங்கள். பிழை இருந்தால் திருத்தி வெளியிடுவோம். ஆனால் முதற்படியைப் பாட்டிக்கு அனுப்பிவிட்டே எமக்கு அனுப்ப வேண்டும்.